வீட்டுப்பாடமே வினாடி வினா: நடுநிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கப் போகிறவர்களுக்கு

நான் ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாவது வாரம். திங்கட்கிழமை காலை மேசைமேல் 38 ஆங்கில நோட்டுகள். பாடத்தின் பின்னால் இருந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். எல்லாரும் எழுதியிருந்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது நோட்டைத் திருத்தும்போதுதான் உறைத்தது. ஃப்ரெண்ட் என்ற சொல்லில் ஐ-க்கு முன்னால் ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டாவது நோட்டிலும் அப்படியே. எண்ணிப் பார்த்தேன். 11 நோட்டுகளில் அதே சொல், அதே வரி, அதே தவறு. மணி அடிப்பதற்கு முன் ஒரு நோட்டை நடுவில் வைத்துப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு முழுவதையும் திட்டித் தீர்த்தேன். பலன் இருந்தது. அடுத்த வாரம் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நோட்டாகத் தேடிப்பிடித்துக் காப்பியடித்தார்கள்.

பார்த்து எழுத முடிகிற வேலையைக் கொடுத்தவள் நான் என்பது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. இப்போது வீட்டுப்பாடத்தையும் வினாடி வினாவையும் இரண்டு வேலைகளாக வைத்துக்கொள்வதில்லை. வாரம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் கேள்வி தயாரிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அந்தக் கேள்விகளை வைத்தே போட்டி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குப் புதிதாக ஆங்கிலம் எடுக்கப் போகிறவர்கள் இதை எப்படித் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு

வீட்டுப்பாடம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் பரிந்துரைத்த ஒரு கணக்கு உண்டு. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருகிற நிமிடங்கள்தான் ஒரு நாள் வீட்டுப்பாடத்தின் அளவு. ஆறாம் வகுப்புக்கு 60 நிமிடம், எட்டாம் வகுப்புக்கு 80. இதைக் கேட்டதும் பலர் தங்கள் பாடத்துக்கே அந்த 60 நிமிடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. கணக்கு டீச்சர், அறிவியல் சார் எல்லாரும் எடுத்துக்கொண்டது போக, ஆங்கிலத்துக்கு 15 நிமிடம் மிஞ்சினால் பெரிது.

ஆகவே கொடுப்பதற்கு முன் அந்த வேலையை நீங்களே ஒரு தடவை கையால் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு 5 நிமிடம் ஆனால் பிள்ளைக்கு 15 ஆகும். இது நானாகப் போட்டுக்கொண்ட கணக்குதான், ஆனால் பெரும்பாலும் சரியாக வருகிறது. உங்களுக்கே 10 நிமிடம் ஆனால் பாதியை வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, மணி அடித்துப் பிள்ளைகள் பையை மூடிக்கொண்டிருக்கும்போது வீட்டுப்பாடத்தைச் சொல்லாதீர்கள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே போர்டில் எழுதி, முதல் வரியை அங்கேயே எழுத வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து வெற்றுப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியாமல் இருக்கும்.

பார்த்து எழுத முடியாத வேலை

அஞ்சலட்டை அளவு அட்டை ஒன்று. தடித்த தாளை வெட்டிக்கொண்டாலும் போதும். முன்பக்கம் ஒரு கேள்வி. பின்பக்கம் மூன்று விஷயங்கள்: விடை, அந்த விடை எங்கே கிடைத்தது, எழுதியவர் பெயர். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரே ஒரு அட்டை. இதுதான் முக்கியமான வீட்டுப்பாடம். மற்ற நாட்களில் வாசிப்பது, ஒரு பத்தி எழுதுவது, எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதுவது எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும்.

அட்டையில் ஏன் காப்பியடிக்க முடியாது என்றால், ஒரே கேள்வி இரண்டு அட்டைகளில் வந்தால் இரண்டும் போட்டியில் சேராது. இந்த ஒரு விதி போதும், பிள்ளைகள் தங்கள் அட்டையைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம்வரை நோட்டை நடுவில் வைத்து விருந்து வைத்த கூட்டம் அது.

முதல் வாரம் வருகிற அட்டைகள் சப்பென்றுதான் இருக்கும். ‘ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துகள்?’ ‘ஆப்பிளுக்கு ஸ்பெல்லிங் என்ன?’ இந்த மாதிரி. அப்போதுதான் நல்ல கேள்வி எது என்று சொல்லித்தர வேண்டிவரும்.

நல்ல கேள்விக்கு என் அளவுகோல்: விடை முன்பே தெரியாத பிள்ளையும் யோசித்தால் நெருங்கிவர முடிய வேண்டும். சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி எந்த ஆண்டு வெளிவந்தது என்று கேட்டால், 1755 என்று தெரிந்தவன் கையைத் தூக்குவான், தெரியாதவன் கூரையைப் பார்ப்பான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இதற்குப் பதிலாக வேறு விதமான கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கீபோர்டின் எழுத்து வரிசைகளில் மேல் வரிசையை மட்டும் தட்டி எழுதக்கூடிய பத்தெழுத்துச் சொல் ஒன்று சொல். பிள்ளைகள் விரலால் மேசையைத் தட்டத் தொடங்குவார்கள். தேடுகிற சொல்லே ஓர் இயந்திரத்தின் பெயர்தான் என்று துப்புக் கொடுத்தால் யாராவது ஒருவர் டைப்ரைட்டர் என்று கத்திவிடுவார். இரட்டை எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வருகிற சொல் புக்கீப்பர். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றுகூட இல்லாத ஆறெழுத்துச் சொல் ரிதம். இவற்றையெல்லாம் தாளில் கிறுக்கிக் கிறுக்கியே பிடித்துவிடலாம், பொது அறிவு தேவையில்லை.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ‘த க்விக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் த லேஸி டாக்’ என்ற வாக்கியம் தட்டச்சு பழகியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 26 எழுத்துகளும் அதில் இருக்கின்றன. இதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நான் கேட்பது: இந்த வாக்கியத்தில் அதிக முறை வருகிற எழுத்து எது? ஆங்கிலத்தில் பொதுவாக ஈ-தான் அதிகம் வரும் என்று படித்தவர்கள் அவசரப்பட்டு ஈ என்பார்கள். எண்ணிப் பார்ப்பவர்களுக்கு ஓ நான்கு முறை, ஈ மூன்று முறைதான் என்று தெரிந்துவிடும். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பிள்ளைதான் பெரும்பாலும் பொறுமையாக எண்ணிச் சரியான விடையை எழுதிக் காட்டும்.

சொல்லுக்குள் இருக்கும் கதை

எழுத்து விளையாட்டோடு நின்றுவிட்டால் மூன்றே வாரத்தில் சலித்துவிடும். அதற்கு அடுத்த கட்டம் சொற்களின் கதை. அதிலேயே கிராமரும் ஸ்பெல்லிங்கும் தானாக உள்ளே வந்துவிடும்.

ஏ, ஆன் பாடத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன். சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்கிற துணிக்கு ஆங்கிலத்தில் ஏப்ரன். ஒரு காலத்தில் அது நேப்ரன். போர்டில் ‘ஏ நேப்ரன்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதுவேன். எழுதிவிட்டு, நேப்ரனின் முதல் எழுத்தான என்-ஐ மட்டும் விரலால் அழித்து, இடதுபக்கம் ஏ-யோடு ஒட்டி எழுதுவேன். இப்போது ‘ஆன் ஏப்ரன்’. வாயால் சொல்லும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓசை. கேட்டவர்கள் என் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று குழம்பிக் குழம்பி, கடைசியில் அந்தச் சொல் தன் முதல் எழுத்தையே இழந்துவிட்டது. விளையாட்டில் நடுவராக நிற்பவரைக் குறிக்கும் அம்பயர், விரியன் பாம்பான ஆடர் இரண்டுக்கும் இதே கதிதான். நிக்நேம் இதற்கு நேர்மாறு. கூடுதல் பெயர் என்ற பொருளில் ‘ஆன் ஈக் நேம்’ என்று இருந்ததில் ஆன்-இன் என் வலதுபக்கம் தாவி ஒட்டிக்கொண்டது.

போர்டில் அந்த ஒரு எழுத்து இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, ஏ-யா ஆன்-ஆ என்பது காதால் முடிவாகிற விஷயம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு வீட்டுப்பாடம் இரண்டே சொல்: ஹவர், யூனிவர்சிட்டி. இரண்டுக்கும் முன்னால் எது வரும், ஏன் என்று எழுதி வர வேண்டும். ஹெச்-இல் தொடங்குகிற சொல்லுக்கு ஆன் வருவதும், யூ-வில் தொடங்குகிற சொல்லுக்கு ஏ வருவதும் ஏன் என்று அவர்கள் தங்கள் வார்த்தையில் எழுதினால், அதுவே ஒரு அட்டைக்கான விடையும் ஆகிவிடுகிறது.

ஒலிக்காத எழுத்துகளும் இப்படித்தான். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் ஒரு பி சும்மா உட்கார்ந்திருக்கும். ஃபிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீனில் டெபிட்டும் என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு பி-யைக் கொண்டுவந்து செருகினார்கள். ஐலண்டில் வருகிற எஸ்-உம் வேறொரு சொல்லோடு இல்லாத உறவு கொண்டாடி நுழைந்ததுதான். நைட் என்ற போர்வீரன் கதை வேறு. அதிலிருக்கும் கே பழைய ஆங்கிலத்தில் உண்மையாகவே ஒலித்தது, பிறகு ஒலி போய் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஸ்பெல்லிங் தப்பாக எழுதி எழுதி நொந்துபோன பிள்ளைக்கு, தப்பு முழுக்கத் தன்மேல் இல்லை என்று தெரிவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்தச் சொல்லை அப்புறம் மறப்பதும் இல்லை.

கட்டுமரம் கேட்டமரான் ஆன கதையையும், குருந்தம் என்ற கல்லின் பெயர் கொரண்டம் ஆன கதையையும் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடாதீர்கள். ஆங்கில டிக்‌ஷனரியில் தங்கள் வீட்டுச் சொல்லைப் பார்க்கிற பிள்ளை அந்தப் புத்தகத்தை மறுநாளும் திறக்கும்.

சரிபார்க்காத அட்டை பெட்டிக்குள் போகக்கூடாது

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நியூஸ் என்ற சொல் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று ஒருநாள் ஏழாம் வகுப்பில் போர்டில் எழுதினேன். எங்கோ படித்தது, கேட்கவும் அழகாக இருந்தது. மறுநாள் காலை ஒரு சிறுமி தடித்த டிக்‌ஷனரியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். “மிஸ், இதுல அப்படிப் போடலையே.” அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். நியூ என்ற சொல்லின் பன்மைதான் நியூஸ், புதியவை என்ற பொருள். திசைக் கதை பிறகு யாரோ கட்டிவிட்டது. வகுப்பின் முன் தப்பை ஒப்புக்கொண்டு போர்டில் திருத்தி எழுதினேன். அந்த வாரம் வந்த எல்லா அட்டைகளிலும் பின்பக்கம் அகராதியின் பெயரும் பக்க எண்ணும் தவறாமல் இருந்தன.

இந்த மாதிரிக் கட்டுக்கதைகள் ஏராளம். போஷ் என்ற சொல் கப்பல் பயணச் சீட்டில் குறித்த நான்கு எழுத்துகளின் சுருக்கம் என்பார்கள், ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. ஆங்கிலத்தின் மிகச் சிறிய வாக்கியம் ‘ஐ ஆம்’ என்பார்கள், ‘கோ’ என்ற ஒற்றைச் சொல் கட்டளை அதைவிடச் சிறிது. சி-க்குப் பின்னால் தவிர மற்ற இடங்களில் ஐ முன்னால், ஈ பின்னால் என்ற ஸ்பெல்லிங் விதியை இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம். வியர்ட் என்ற சொல் அதை ஒரு பக்கம் மீறுகிறது, சயின்ஸ் இன்னொரு பக்கம் மீறுகிறது. ஷேக்ஸ்பியர் இத்தனை நூறு சொற்களைத் தானே உருவாக்கினார் என்று ஒரு எண்ணோடு வருகிற அட்டையையும் நிறுத்திவையுங்கள். அவர் எழுத்தில் முதலில் கிடைத்தது என்று அகராதிக்காரர்கள் குறித்ததை, அவரே உண்டாக்கியது என்று மாற்றிச் சொல்கிறார்கள். பேச்சில் முன்பே இருந்திருக்கலாம். பழைய நூல்களைத் தேடத் தேட, அவருக்கு முன்பே வழங்கியதற்குச் சான்றும் பல சொற்களுக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது இன்னொரு தொல்லை, அட்டையை செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதி வருவது. நான் தடுப்பதில்லை. ஆனால் சான்று என்ற இடத்தில் செயலியின் பெயரை ஏற்பதில்லை. அது சொன்னதை அகராதியிலோ பாடநூலிலோ கண்டுபிடித்துப் பக்க எண்ணோடு வர வேண்டும். தேடிப்போனால் சிலது அங்கே இருக்காது. அந்த ஏமாற்றமும் ஒரு பாடம்தான்.

வெள்ளிக்கிழமை

கடைசி 15 நிமிடம் போட்டிக்கு. நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள், குழுவை நீங்களே போடுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் முதல் வரிசைக்காரர்கள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிடுவார்கள். பத்துக் கேள்விகள். ஆறு அந்த வார அட்டைகளிலிருந்து, மூன்று பழைய அட்டைகளிலிருந்து, ஒன்று உங்களுடையது.

முதலில் கை தூக்கியவருக்கு வாய்ப்பு என்ற முறை வேண்டாம். கேள்வியைப் படியுங்கள், அரை நிமிடம் விடுங்கள், குழு பேசிக்கொள்ளட்டும், ஒவ்வொரு குழுவும் துண்டுத்தாளில் எழுதட்டும், நீங்கள் சொன்னதும் எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் மேலே வர வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியதில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று வந்தது. மூன்று விநாடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிக்கே அந்த மாற்றம். நின்று பாருங்கள், அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்கு மனதுக்குள் எண்ணாமல் இன்றும் வராது.

தப்பாகச் சொன்னவரை வெளியேற்றும் முறையும் வகுப்பறைக்கு ஒத்துவராது. அமெரிக்காவில் 1925 முதல் நடக்கிற தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டி அப்படித்தான், ஒரு சொல் தவறினால் ஆள் வெளியே. 2019-இல் எட்டுப் பேரைத் தவறவைக்கவே முடியாமல் எட்டுப் பேரையும் வெற்றியாளராக அறிவித்தார்கள். மேடைக்கு அது சரி. வகுப்பில் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, அந்தப் பிள்ளை மீதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குழுவுக்குச் சரியான விடைக்கு ஒரு புள்ளி. தன் அட்டை கேட்கப்படும்போது அதை எழுதிய பிள்ளை எழுந்து நின்று, விடையையும் அது கிடைத்த இடத்தையும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு அவர் குழு பதில் எழுதாது, அவர் சொல்லி முடித்தால் அதற்கே ஒரு புள்ளி. இந்த இரண்டு வாக்கியத்துக்காக வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி என்று தனியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தால் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள்.

பரிசு பெரிதாக வேண்டாம். ஜெயித்த குழு அடுத்த வாரம் கேள்வி வாசிக்கும், அவ்வளவுதான். அதற்கே அடிதடி.

பழைய அட்டையும் பெட்டியும்

பழைய அட்டைகளிலிருந்து மூன்று கேள்வி என்றேனே, அதை விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டம் பத்தியைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அன்றைக்கே கேட்டுவிட்டு, எல்லாருக்கும் வந்துவிட்டது என்று நாம் நம்புவது எவ்வளவு ஏமாற்று என்று இதில் தெரிகிறது.

இதற்கு ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் மூன்று தடுப்பு. புது அட்டைகள் முதல் அறையில். பாதிக் குழுக்களுக்கு மேல் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், இல்லையென்றால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை வாராவாரம் திறக்கலாம், இரண்டாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாவதை மாதம் ஒருமுறை. ஜெர்மன் மொழியில் எழுதிவந்த செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறையின் சுருக்கம் இது. ஒருவர் தனியாகப் படிக்க அவர் சொன்னதை வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். பெட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலையை, எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். பெட்டியும் பத்திரமாக இருக்கும், பிள்ளையும் கொஞ்சம் அடங்கும்.

திருத்துவது

ஒரு அட்டைக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விடை சரியா, சான்று இருக்கிறதா, கேள்வி படித்தால் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதி வருகிற பத்திகளுக்கு வாரம் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் இறந்தகால வினைச்சொல் என்றால் அதை மட்டும் வட்டமிடுங்கள், திருத்தத்தை அவர்களே எழுதட்டும். மற்ற தவறுகள் கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிப்போடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வருகிற நோட்டைப் பிள்ளைகள் திறந்து பார்ப்பதில்லை, நேராகப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

பெற்றோர் கேட்டால் ஒரே பதில் சொல்லுங்கள்: அட்டையை எழுதிக் கொடுக்காதீர்கள், பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லப் பாருங்கள். தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால் பிள்ளைக்கு இன்னும் சந்தோஷம்.

எழுதாமல் வருகிறவர்கள் எந்த வகுப்பிலும் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு வெற்று அட்டை ஒன்றைக் கொடுத்து, டிக்‌ஷனரியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலேயே ஒரு கேள்வி எழுதியாக வேண்டும், ஐந்து நிமிடம். சிலர் இதற்காகவே வேண்டுமென்று எழுதாமல் வரத் தொடங்குவார்கள். வரட்டும், அட்டை நமக்கு வந்துவிடுகிறது.

முதல் வெள்ளிக்கிழமை புள்ளி எதுவும் போடாதீர்கள். நாற்பது அட்டை வாங்கினால் பெட்டிக்குள் போகிற தகுதியோடு பத்து தேறும். மீதி முப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆளுக்கு ஒன்றாக, எழுதியவரிடமே போகாதபடி கலைத்துக் கொடுங்கள். அடுத்தவர் எழுதிய மொக்கைக் கேள்வியை நல்ல கேள்வியாக மாற்றி எழுதுவதுதான் திங்கட்கிழமை வீட்டுப்பாடம்.